பொய் எடை

மலையடிவாரத்து ஆராய்ச்சி நிலையத்தில் மழையைத் திட்டாத ஆள் கிடையாது. மேல்மாடிக்காரர்கள் துணி காயவில்லை, குடை தொலைந்தது என்று திட்டுவார்கள். கீழ்த்தளத்துக்காரர்கள் திட்டுகிற காரணம் வேறு. மழை பெய்தால் பின்னால் இருக்கிற மலைச்சரிவு தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போகும். அந்தக் கனம், சுவருக்கு இந்தப்பக்கம் ஒரு குழிக்குள் தொங்குகிற கம்பியைக் கொஞ்சமே கொஞ்சம் தன் பக்கம் இழுத்துவிடும். கம்பி தொங்கியது தலைமுடியைவிட மெல்லிய ஓர் இழையில். அது திரும்புவதை வெறும் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. கம்பியில் ஒட்டிய கண்ணாடித் துண்டில் பட்டு எதிர்ச்சுவரில் விழுகிற ஒளிப்பொட்டு நகர்ந்தால் கம்பி திரும்பியது என்று அர்த்தம். எல்லாப் பொருளும் எல்லாப் பொருளையும் இழுக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்து மறந்துவிடுகிறோமே, அந்த இழுப்பு சரியாக எவ்வளவு என்று அளக்கிற வேலை அங்கே வருஷக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது.

இழையைத் தொங்கவிட்டவரை எல்லோரும் இழைக்காரர் என்றார்கள். பெயரைக் கேட்டு ஒல்லியான ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். வாசலில் நின்றால் பின்னால் வருகிறவருக்கு வெளிச்சம் தெரியாது. கம்பியைச் சுற்றி வைக்கிற உலோக உருளைகளை எடை போட்டுக் கொடுத்தவள் எடைக்காரி. அவர் பெண்டாட்டி. ஒரே தளம், இடையில் இரண்டு கதவு. சாயங்காலம் ஒரே குடையில் வீட்டுக்குப் போவார்கள். குடையில் முக்கால்வாசியை அவர் எடுத்துக்கொள்வார்.

எடையறை வேலை பொறுமைசாலிகளுக்கு மட்டும்தான் ஒத்துவரும். உருளையைக் கையால் தொடக்கூடாது. துணி சுற்றிய இடுக்கியால் தூக்கித் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். மனித உடம்பின் சூடு போதும், தராசு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். உருளை அறையின் குளிருக்கு அடங்கும்வரை காத்திருந்து, அடுத்த அறையிலிருந்து திரையைப் பார்த்து எடையைக் குறிக்க வேண்டும். பிறகு மறுபடி முதலிலிருந்து. எடைக்காரிக்கு அதில் சலிப்பே வந்ததில்லை. மற்ற ஊர்களிலிருந்தும் அவளிடம் எடைக் கற்களை அனுப்பிச் சரிபார்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். அவள் சொன்னால் யாரும் இரண்டாம் தடவை போட்டுப் பார்ப்பதில்லை. அந்த ஒன்றுதான் அவள் சொத்து.

இழைக்காரர் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. நமக்கு என்ன விடை வேண்டும் என்று மனசுக்குள் ஒரு ஆசை இருந்தால், அந்த விடை வருகிறவரை கணக்கைத் திருத்திக்கொண்டே இருப்போம், வந்தவுடன் நிறுத்திவிடுவோம். கெட்டவர்கள் மட்டும் செய்கிற காரியமில்லை இது, நல்லவர்களும் தெரியாமலே செய்வார்கள். அதனால் எடைக்காரி உருளைகளின் உண்மையான எடையைச் சொல்ல மாட்டாள். தன் இஷ்டத்துக்கு ஒரு சின்ன அளவைக் கூட்டியோ குறைத்தோ சொல்வாள். அதற்குப் பொய் எடை என்று பெயர். குழு அந்தப் பொய் எடையை வைத்துத்தான் கணக்குப் போடும். மழை நாளைச் சேர்ப்பதா தள்ளுவதா, இழை களைத்துப்போனதற்கு எவ்வளவு கழிப்பது, எல்லாம் முடிவான பிறகு ஒரு நாள் எல்லோரையும் கூட்டி வைத்து அவள் உண்மை எடையைச் சொல்வாள். அதற்கு மூடி திறக்கிற நாள் என்று பெயர். அப்புறம் யாரும் கணக்கில் கைவைக்கக் கூடாது.

அப்படித்தான் அந்தத் தடவையும் மூடி திறந்தார்கள். இழுப்பு, உலகம் நம்பிக்கொண்டிருந்த அளவைவிடக் கொஞ்சம் அதிகமாக வந்தது. மிகக் கிட்டத்தில் இருக்கிற பொருள்களுக்கு நடுவே இதுவரை யாருக்கும் தெரியாத வேறொரு விசை இருக்கிறது என்று கட்டுரை எழுதினார் இழைக்காரர். பத்திரிகையில் படம் வந்தது. மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிற படம். கடைக்காரர் தக்காளியைக் கூடுதலாக அள்ளிப் போட்டார்.

பிறகு வேறு இரண்டு நாடுகளில் அளந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. பழைய அளவுதான் வந்தது. முதலில் மரியாதையாகக் கேட்டார்கள், பிறகு மரியாதையில்லாமல் கேட்டார்கள், கடைசியில் நிலையத்தின் மேலிடமே விசாரணைக் குழு ஒன்றை அனுப்பிவைத்தது.

குழுவில் மூன்று பேர். தலைவி ஒரு வெள்ளைமுடிக்காரி, அதிகம் பேசாதவர். இன்னொருவர் புள்ளிவிவர நிபுணர். வந்த முதல் நாளே காண்டீனில் அவருக்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். மூன்றாமவர் இருமுவதற்கென்றே வந்தவர். மேல்மாடிக் கூட்ட அறையில் எடைக்காரியை உட்காரவைத்துக் கேட்டார்கள்.

"உண்மை எடை எவ்வளவுன்னு உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?" என்றார் தலைவி.

"யாருக்கும் தெரியாதுங்க."

"வீட்டுக்காரருக்கு?"

"அவருக்கும்தான்."

"தூக்கத்துல உளறியிருக்கலாம். கோவத்துல வாய் விட்டிருக்கலாம். ஒரே வீடு பாருங்க."

"நான் தூக்கத்துல உளர்றதில்லைங்க. கோவம் வந்தா பாத்திரம் தேய்ப்பேன்."

இருமல்காரர் சிரித்து, சிரிப்பு இருமலாக மாறி, தண்ணீர் குடித்தார். கணக்குப்பிள்ளை சிரிக்கவில்லை. மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார்.

"இதைப் பாருங்கம்மா. உங்க குழு கணக்கைப் பல தடவை மாத்தியிருக்கு. அது தப்பில்ல. மழை நாளைத் தள்ளிப் பாத்தாங்க, சேத்துப் பாத்தாங்க. வெப்பத்துக்கு ஒரு திருத்தம், இழைக்கு ஒரு திருத்தம். ஒவ்வொண்ணையும் பல விதமாப் போட்டுட்டு ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டாங்க. வெச்சுக்கிட்டது எல்லாமே பழைய அளவைவிட்டு ஒரே பக்கமாத் தள்ளிட்டுப் போகுது. பழைய அளவு எங்க இருக்குன்னே தெரியாதவங்க அதைவிட்டு எப்படி இவ்வளவு நேரா நடந்து போவாங்க? கண்ணைக் கட்டிவிட்ட ஆள் நாலு தெரு திரும்பி நேரா தன் வீட்டு வாசல்ல வந்து நின்னா என்ன அர்த்தம்?"

"கட்டு அவிழ்ந்திருக்குன்னு அர்த்தம்," என்றாள் எடைக்காரி. வேறென்ன சொல்ல முடியும்.

"அவிழ்த்தது யாரு?"

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கட்டுரையைத் திரும்ப வாங்கறது முடிவாயிடுச்சும்மா. அது உங்க வீட்டுக்காரருக்கும் தெரியும். கணக்கு தப்பாப் போச்சுன்னு எழுதறதா, எண் வெளிய போச்சுன்னு எழுதறதா, அதுதான் பாக்கி. வெளிய போயிருந்தா உங்ககிட்டேருந்துதான் போயிருக்கணும். அப்படி எழுதிட்டா அதுக்கப்புறம் நீங்க எடையறைல உக்கார முடியாது. நீங்க இதுவரை போட்டுக் குடுத்த எடையெல்லாமும் சந்தேகத்துக்கு வந்துரும். யோசிச்சுட்டு நாளைக்குக் காலைல வாங்க."

அவள் கீழே இறங்கி வந்தபோது எடையறைக் கதவில் வேறு பூட்டு தொங்கியது. இழைக்காரர் குழியறையிலும் அதே மாதிரிப் பூட்டு. அவரைக் காணோம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடை அவரிடம் இருந்ததால் அவள் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தாள். நான் சொல்லவில்லை, நான் சொல்லவில்லை என்று மனசு ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. உண்மைதான். ஆனால் கணக்குப்பிள்ளை காட்டியதும் உண்மைதான். தட்டில் இரண்டையும் வைத்தால் முள் எந்தப் பக்கமும் நிற்காமல் ஆடியது.

வீட்டில் நாத்தனார் அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். இழைக்காரரின் தங்கை. புருஷனோடு ஒத்துப்போகாமல் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டவள், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். அவளுக்குக் குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாது. வேனில் கத்திக் கத்தி வந்த பழக்கம்.

"என்ன அண்ணி இப்படி நனைஞ்சு வர்றீங்க? ஒரு போன் அடிச்சா வேனை எடுத்துட்டு வந்திருக்க மாட்டேனா? தலையைத் துவட்டுங்க மொதல்ல. முகத்துல ஈயாடலை. என்ன சொன்னாங்க?"

எடைக்காரி துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். நாத்தனார் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க அண்ணி. நீங்க சொல்லலைதானே?"

"நீயுமாடி?"

"சரி சரி, விடுங்க. நீங்க சொல்ல மாட்டீங்க. என் பொறந்த நாளுக்கு வாங்கின சட்டையோட நிறத்தைக்கூடச் சொல்லாத ஆளு. ஆனா சொல்லணுமா என்ன, உங்க முகத்தைப் பாத்தே நான் அது பச்சைன்னு கண்டுபிடிச்சேன்ல. நான் வரிசையா நிறத்தைச் சொல்லிட்டே வந்தேன், பச்சைன்னதும் திரும்பிட்டு அடுப்பை அணைக்கப் போயிட்டீங்க. அடுப்பு எரியவே இல்ல."

நாத்தனார் சிரித்தாள். எடைக்காரிக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. மீனைக் கழுவி உப்புத் தடவ ஆரம்பித்தாள். ஜன்னலில் தண்ணீர் தாரையாக வழிந்தது. பின்கட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் படியேறப் பார்த்தது.

"எனக்கு இந்த விசையெல்லாம் ஒரு எழவும் புரியாது," என்றாள் நாத்தனார், மறுபடி கிழங்கை எடுத்துக்கொண்டு. "ஆனா அந்த வருஷத்தை நினைச்சா எனக்குப் பொறாமையாத்தான் இருக்கு. நான் வந்த புதுசு. மூணு பேரும் சாப்பிட உக்காருவோம். அண்ணன் சூப்பு எடுத்து வாய்ல வைப்பாரு, கண்ணு உங்க முகத்துல இருக்கும். ரொட்டியைப் பிய்ப்பாரு, கண்ணு உங்க முகத்துல. என்னமோ மழை நாளைத் தள்ளிட்டேன், மேல போகுது, கீழ போகுதுன்னு புரியாததா ஒண்ணு சொல்லுவாரு, சொல்லிட்டு அப்படியே உங்களைப் பாப்பாரு. எனக்குச் சங்கடமாப் போயிடும். இந்த வயசுல என்ன இதுன்னு தட்டை எடுத்துட்டு வேனுக்குப் போயிடலாமான்னு இருக்கும். என் வீட்டு ஆளு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு என்னை அப்படிப் பாத்திருந்தா நான் ஏன் ஊரான் வீட்டுப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு அலையறேன்?"

எடைக்காரியின் கை மீன்மேல் அப்படியே நின்றது.

அந்த வருஷம் அவளுக்கு மறக்குமா? கல்யாணமான புதிதில்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. சாப்பாட்டுக்கு உட்காருவதற்கு முன்னால் அவள் தலையை ஒரு தடவை சீவிக்கொள்ள ஆரம்பித்த வருஷம் அது. அவர் அன்றைய கணக்கைச் சொல்வார். உண்மை எடை அவள் மனசுக்குள் இருந்ததே, கணக்கைக் காதில் வாங்கியவுடன் அது பழைய அளவா புதுசா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லக் கூடாது, சொன்னதில்லை. ஆனால் புதுசு என்று தெரிந்த அன்று நெஞ்சு துள்ளும். அவருக்காகத் துள்ளும். இத்தனை வருஷம் இருட்டுக் குழிக்குள் உட்கார்ந்த மனுஷனுக்கு ஒன்று கிடைக்கப்போகிறதே என்று துள்ளும். சமாளிக்க உப்பு எடுக்க எழுந்து போவாள். திரும்பி வந்தால், "சரி, இதையே வெச்சுக்கலாம்," என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ரொட்டியைத் தொட்டுத் தின்பார். மூடி திறந்த நாளோடு அந்தப் பார்வை நின்றுபோனது. பழையபடி பத்திரிகையைத் தட்டுக்கு எதிரே சாய்த்துவைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். பேர் வந்துவிட்டது, வேலை கூடிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அண்ணி? என்ன அண்ணி, முள்ளு குத்திடுச்சா?"

"இல்ல," என்றாள். போய் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலை போகப்போகிறது என்ற பயம்கூட அந்த நிமிஷம் பின்னால் போய்விட்டது. அவ்வளவு ஆசையாகப் பார்த்தாரே, அதுவா இது?

பின்கட்டில் சத்தம் கேட்டது. இழைக்காரர் வந்துவிட்டார். வீட்டுக்குள் வராமல், சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஒரு கம்பை எடுத்துச் சாக்கடையைக் குத்திக்கொண்டிருந்தார். வேலை இல்லாத ஆளுக்கு ஒரு வேலை கிடைத்தது. எடைக்காரி ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"உங்களை ஒண்ணு கேக்கணும்."

"உள்ள போ, நனையாத. இது இப்பப் போயிடும்."

"அந்த வருஷம் சாப்பாட்டு மேசைல என்னையே பாத்துட்டிருந்தீங்களே. எதைப் பாத்தீங்க?"

கம்பு ஒரு நிமிஷம் நின்று மறுபடி குத்தியது.

"ஏன், பெண்டாட்டியைப் பாக்கக் கூடாதா?"

"சுவத்துல ஒளிப்பொட்டைப் பாக்கற மாதிரி பாத்தீங்களா?"

சாக்கடையில் இலையும் சகதியுமாக ஒரு கட்டி வெளியே வந்து, தண்ணீர் கடகடவென்று இறங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"மொத தடவை வேணும்னு பண்ணலை. சத்தியமாச் சொல்றேன். ஏதோ கணக்கைச் சொன்னேன், உன் முகம் மலர்ந்துச்சு. நீ ஒண்ணுமே சொல்லலை. ஆனா எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதை எப்படித் தெரியாம ஆக்கறது? நீயே சொல்லு."

"அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? வேற ஆளை விட்டு வேற பொய் எடை போடச் சொல்லியிருப்பேன்."

"சொன்னா மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"ஆரம்பிச்சிருக்கணும்."

"ஆமா."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பாத்தேன்."

"தினமுமா?"

"தினமும்தான்," என்றார். குரல் உள்ளே போய்விட்டது. பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. நான் இல்லாததை எழுதலை. ஒரு எண்ணைக்கூட மாத்தலை. எல்லாக் கணக்கும் நேர்மையான கணக்குதான். எதை வெச்சுக்கறதுன்னு மட்டும்தான் உன் முகத்தைப் பாத்து முடிவு பண்ணினேன். உனக்கும்தானே ஆசை? ஆசை இல்லாமலா அப்படி மலர்ந்துச்சு?"

பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு. ஏனென்றால் அதுவும் பொய்யில்லை.

"நாளைக்கு என்ன சொல்லப்போற?" என்றார்.

"நடந்ததைச் சொல்லப்போறேன்."

"சிரிப்பாங்க. பெண்டாட்டி முகத்தைப் பாத்து எடையைக் கண்டுபிடிச்சார்னு சொன்னா எவன் நம்புவான்? அவளே வாய் விட்டுட்டு இப்பக் கதை கட்டறான்னுதான் எழுதுவாங்க."

"அப்ப நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"நான் சொன்னா குழிக்குள்ள மறுபடி காலெடுத்து வைக்க முடியாது. இந்த ஊர்ல இல்ல, எங்கயும் முடியாது. கணக்கு தப்பாப் போச்சுன்னு எழுதினா பொழைச்சுக்கலாம். தப்பு எல்லாருக்கும் வர்றதுதான். எனக்கு இழையைவிட்டா வேற என்ன தெரியும்?"

"எனக்கு எடையைவிட்டா வேற என்ன தெரியும்?" என்றாள் அவள்.

அவர் கம்பைச் சுவரில் சாத்திவிட்டுக் கை கழுவப் போனார். சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சூப்பிலிருந்து ஆவி பறந்தது. எடைக்காரி நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துச் சாப்பிட்டாள். இழைக்காரர் தலை தட்டைவிட்டு எழவேயில்லை. நாத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக மெல்லிய குரலில், "மீன்ல உப்பு ஜாஸ்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

காலையிலும் மழை விடவில்லை. கூட்ட அறையில் விளக்குப் போட்டிருந்தார்கள். எடைக்காரி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. தலை சீவிக்கொண்டதை மட்டும் சொல்லவில்லை. அவள் முடித்தபோது இருமல்காரர்கூட இருமவில்லை.

"எண்ணை வெச்சிருக்கறவங்க கணக்கைக் காதால கேக்கக் கூடாதுன்னு உங்ககிட்ட விதி எதுவும் கிடையாதா?" என்றார் கணக்குப்பிள்ளை.

"சொல்லக் கூடாதுன்னு விதி உண்டு. கேக்கக் கூடாதுன்னு யாரும் நினைச்சுப் பாக்கலைங்க."

தலைவி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அம்மா, நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலை. ஆனா இதை நான் அறிக்கையில எழுதினா படிக்கறவங்க என்ன சொல்வாங்க? முகத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சார்னு."

"சோதிச்சுப் பாத்துடலாமே," என்றார் கணக்குப்பிள்ளை.

அளக்கிறவர்கள் புத்தி எங்கே போகும். இழைக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். தலைவி முறையைச் சொன்னார். நூறுக்குள் ஒரு எண்ணைத் தலைவி எடைக்காரியின் காதில் சொல்வார். எடைக்காரி வாய் திறக்கக் கூடாது. இழைக்காரர் எந்த எண்ணையும் சொல்லிப் பார்க்கலாம், கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"இது எப்படிச் சோதனையாகும்?" என்று இருமல்காரர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "தப்பாச் சொல்றது அவர் கைலதானே இருக்கு?"

"தெரியும்," என்றார் தலைவி. இழைக்காரரைப் பார்த்துத்தான் சொன்னார். "தப்பாச் சொன்னா எதுவும் நிரூபணம் ஆகாது. நேத்து இவங்ககிட்ட சொன்னதுல ரெண்டாவதை எழுதிடுவோம். எண் இந்தம்மாகிட்டேருந்து போச்சுன்னு. உங்களுக்குச் சம்மதமா?"

இழைக்காரர் தலையாட்டினார். தலைவி குனிந்து எடைக்காரியின் காதில் சொன்னார். அறுபத்து மூன்று.

சோதனை என்றவுடன் எடைக்காரிக்கு ஒரே எண்ணம்தான் இருந்தது. முகம் தன் பாட்டுக்குக் காட்டட்டும், நான் எதையும் மறைக்கப்போவதில்லை. என் வார்த்தை நிற்க வேண்டும். ஆனால் எதிரே உட்கார்ந்தவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். சவரம் செய்துகொள்ளவில்லை. நாற்காலிக்குப் பத்தாத அந்தப் பெரிய உடம்பு எப்படியோ சுருங்கித் தெரிந்தது. சரியாகச் சொல்லிவிட்டால் இந்த மனுஷன் நாளை காலையில் எங்கே போவார்? கடைத்தெருவில் எந்த முகத்தோடு நடப்பார்? பாழாய்ப்போன மனசு அந்த இடத்தில் போய் அப்படித் திரும்பிக்கொண்டது. அவள் பல்லைக் கடித்தாள். அறுபத்து மூன்றை மறக்கப் பார்த்தாள். அடுப்பில் பால் வைத்த மாதிரி நினைத்துக்கொண்டாள், ஈரத் துணியை எங்கே காயப்போடுவது என்று நினைத்துக்கொண்டாள். எடையறையில் தராசு அடங்கும்வரை உட்கார்ந்திருப்பாளே, அப்படி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பத்து," என்றார் இழைக்காரர், மேசையைப் பார்த்துக்கொண்டு.

கணக்குப்பிள்ளை குறித்துக்கொண்டார்.

"இருபது." மேசையைத்தான் பார்த்தார். "முப்பது." இப்படியே போய் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்துவிடப் போகிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. கணக்குப்பிள்ளை பேனாவை மூடிவிட்டார். நல்லது, அப்படியே செய்யுங்கள் என்று எடைக்காரிக்குத் தோன்றியது. தோன்றியதற்காக ஆத்திரமும் வந்தது.

இழைக்காரர் தலையை நிமிர்த்தினார்.

மூடி திறந்த நாளுக்குப் பிறகு அவர் அவளை அப்படிப் பார்ப்பது அன்றைக்குத்தான். நெற்றியிலிருந்து வாய்வரைக்கும், நிதானமாக, ஒன்றையும் விடாமல்.

"நாப்பது," என்றார். "அம்பது. அறுபது. எழுபது."

அவள் பார்வையை அவர் நெற்றியில் நிறுத்திவைத்தாள். கை மடியில் இருந்தது. மூச்சு சீராகப் போவதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அறுபதுக்கு வர்றேன்," என்றார். "அறுபத்தி ஒண்ணு. அறுபத்தி ரெண்டு."

வேண்டாம் என்று அவளுக்குள் ஒரு குரல் கத்தியது. வெளியே எதுவும் வரவில்லை, நிச்சயமாக வரவில்லை.

"அறுபத்தி மூணு." நிறுத்தினார். அடுத்த எண்ணுக்குப் போகவில்லை. "அறுபத்தி மூணுதான்."

தலைவி கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை, "ஒரு தடவை குருட்டாம்போக்குல வந்திருக்கலாம்," என்றார். இன்னொரு எண்ணைச் சொன்னார்கள். அந்தத் தடவை எடைக்காரி கண்ணையே மூடிக்கொண்டாள். அவருக்கு முன்னதைவிடச் சீக்கிரமாகக் கிடைத்துவிட்டது.

இழைக்காரர் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டார்.

"அவ சொல்லலை," என்றார். "அப்படியே எழுதிக்கங்க. அன்னைக்கும் ஒரு வார்த்தை சொல்லலை. எடுத்துக்கிட்டது நான்தான்."

தலைவி மெல்லத் தலையசைத்தார். கணக்குப்பிள்ளை பேனாவை மறுபடி திறந்திருந்தார். அவர் கெட்ட மனுஷன் இல்லை, எதையும் பாதியில் விடத் தெரியாதவர்.

"எதைப் பாத்துச் சொன்னீங்கன்னு எழுதணும் சார்."

"அப்பல்லாம் சந்தோஷப்படுவா. நல்லது வர வர முகம் மலரும். அதைப் பாத்துக்கிட்டே போவேன்."

"இப்ப?"

"இப்ப பயந்தா. கிட்டக் கிட்ட வர்றப்போ ரொம்பப் பயந்தா."

"எதுக்குப் பயம்? நீங்க சரியாச் சொன்னா அவங்களுக்கு நல்லதுதானே? தப்பிச்சுட்டாங்களே. யாருக்காகப் பயந்தாங்க?"

இவ்வளவு நேரம் அவள் முகத்தில் நிலைத்திருந்த இழைக்காரரின் பார்வை நழுவிக் கீழே விழுந்தது.

"எனக்காக," என்றார். சொல்லிவிட்டு, அவளை மறுபடி பார்க்க முடியாமல் எழுந்து, ஜன்னல் பக்கம் போய் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.